24 வீடுகள் நொடியில் தரைமட்டம்! இடிந்த மாடியோடு போன பிள்ளைப் பருவம்

தூத்துக்குடி,
உப்புக்காற்று என்ன செய்யும் என்று உப்பளத்து ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிமெண்டுக்குள் கிடக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். பூச்சு பொத்துக்கொண்டு விழும். கடலோரத்துக் குடியிருப்புகளுக்கு இது ஓயாத தலைவலி.

சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்திலும் கடற்கரைக்குப் பக்கத்தில்தான் அந்த மாடி வீடுகள் இருந்தன. 1993-ல் குடிசை மாற்று வாரியம் கட்டியது. (அந்த வாரியத்துக்கு 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர் மாறிவிட்டது.)

2021 டிசம்பர் 26 இரவு சுவரில் விரிசல்! மறுநாள் காலை, குழந்தை குட்டிகளோடு எல்லாரும் வெளியே ஓடி வந்தார்கள். சற்று நேரத்தில் 24 வீடுகளும் மளமளவென்று சரிந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை. சட்டி பானை, துணிமணி எல்லாம் போச்சு!

கட்டிய வருஷம் பிறந்த குழந்தைக்கு அன்று வயசு 28. கட்டிடத்துக்கும் அதே வயசுதான். மனுஷனுக்கு அது கல்யாண வயசு. கட்டிடத்துக்குச் சாகிற வயசா?

வாரிய வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முற்றம், திண்ணை எல்லாமே மாடிப்படிதான். கோலி அங்கேதான், வீட்டுப்பாடமும் அங்கேதான். "டேய், தண்ணி வந்துடுச்சு!" என்று குரல் கேட்டால் குடத்தோடு மூணு மாடி இறங்கி ஏற வேண்டும். அம்மா வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டில் சோறு.

குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் நிவாரணமும் மாற்று வீடும் தருவதாக அரசு அறிவித்தது. சோறு போட்ட பக்கத்து வீட்டாருக்கும் அதே மாடியில் வீடு கிடைக்குமா என்பது வேறு விஷயம்.