நீரும் இறங்காது, தொட்டியும் சுழலாது!

துணிகளை ஒழுங்காகத் துவைத்து முடித்துவிட்டு, அழுக்கு நீரை வெளியே விடாமலும், துணிகளைச் சுழற்றிப் பிழியாமலும் நின்றுவிடுவது பழைய சலவை இயந்திரங்களுக்கு வழக்கமாக வரும் நோயாகும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த இயந்திரம் இவ்வாறு நின்றதும், "இதன் காலம் முடிந்தது, புதிதாக ஒன்று வாங்கிவிடுவோம்" என்ற பேச்சு இல்லத்தில் எழுகின்றது. கடைக்காரரும் அதனையே சொல்வார்; சொல்லாமல் இருந்தால்தான் வியப்பு. மாத வருவாயை எண்ணிச் செலவிடும் குடும்பத்திற்கு இது சிறிய முடிவன்று. ஆகவே, பணத்தை எடுக்கும் முன்னர் இயந்திரம் ஏன் நின்றது என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நலம்.

முதலாவது அறிய வேண்டியது யாதெனில், இவை பெரும்பாலும் இரண்டு கோளாறுகள் அல்ல, ஒன்றே. ஒரு லிட்டர் நீரின் எடை 1 கிலோ. தொட்டியில் 40 லிட்டர் நீர் நிற்குமானால், ஈரத் துணியோடு சேர்த்து அந்த 40 கிலோ பாரத்தையும் நிமிடத்திற்குப் பல நூறு முறை சுழற்ற வேண்டியிருக்கும். அதைத் தாங்கும் வலிமை மோட்டாருக்கும் இல்லை, அச்சிற்கும் இல்லை. எனவேதான், நீர் இறங்கியது உறுதியான பின்னரே சுழற்சி தொடங்கும்படி தானியங்கி இயந்திரங்களை அமைத்திருக்கின்றனர். சுழலவில்லையே என்று மோட்டாரைக் குறை கூறுவோர் முதலில் தொட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். நீர் நிற்கிறதெனில், மோட்டாரை விட்டுவிட்டு நீர் செல்லும் வழியைத் தேடுவதே முறை.

தேடத் தொடங்குமுன் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. நிற்கும் நீரைக் குவளையால் மொண்டு வாளியில் ஊற்றுங்கள். அதன் பின்னர், உங்கள் வீட்டில் இருப்பது எவ்வகை இயந்திரம் என்பதை அறிந்துகொள்வது அவசியம்; ஏனெனில் ஒன்றுக்குரிய மருந்து மற்றதற்கு ஆகாது.

இரண்டு தொட்டிகள் கொண்ட செமி ஆட்டோமேட்டிக் இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் பம்பு என்பதே கிடையாது. குமிழைத் திருப்பினால் அடியிலுள்ள ரப்பர் அடைப்பான் மேலே தூக்கப்படுகிறது. நீர் தன் எடையினாலேயே பள்ளம் நோக்கி ஓடுகிறது. ஆகையால் வெளியேற்றும் குழாய் தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். குளியலறை வாசற்படியின் மேல் அது ஏறி இறங்கினாலோ, இயந்திரத்தின் காலடியில் நசுங்கினாலோ நீர் தயங்கி நின்றுவிடும். குழாயும் நேராக இருந்து நீர் இறங்கவில்லையென்றால், அடைப்பானைச் சுற்றி நூலும் சோப்புக் கசடும் திரண்டிருக்கும். அல்லது அதனைத் தூக்கும் இணைப்பு அறுந்திருக்கும். குழாய் அடைபட்டால் பிழியும் தொட்டியின் அடியிலும் நீர் தேங்கி அதன் வேகத்தைக் கெடுக்கும்.

நம்மவர் 'டிரையர்' என்றழைக்கும் அந்தப் பிழியும் தொட்டி முனகுகிறது, ஆனால் சுழலவில்லை என்றால், மூன்று காரணங்களை முதலில் எண்ணலாம். துணிகளின் மேல் வைக்கும் மூடித்தட்டை வைக்காமல் விட்டதால் ஒரு சிறு துணி நழுவி, தொட்டிக்கும் வெளிச் சுவருக்கும் இடையே சிக்கியிருக்கலாம். குழந்தைகளின் காலுறைகள் இதற்குப் பெயர் பெற்றவை. அடுத்தது, மூடியோடு இணைந்த பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். மூன்றாவது, மோட்டாருக்குத் தொடக்க விசை தரும் கெப்பாசிட்டர் கெட்டிருக்கலாம். கெப்பாசிட்டர் விலை குறைந்த சிறு பொருளே. ஆயினும் பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதில் மின்சாரம் தங்கியிருக்கக் கூடுமாதலால் அதனை மெக்கானிக்கிடமே விட்டுவிட வேண்டும்.

மேலிருந்து துணி போடும் முழுத் தானியங்கி இயந்திரத்தில் ஒரு விந்தை உண்டு. நம் நாட்டில் விற்பனையாகும் இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில், அடியிலுள்ள ஒரு சிறிய மோட்டார் கம்பி ஒன்றை இழுத்து நீர்க் கதவைத் திறக்கிறது. 'டிரெயின் மோட்டார்' என்பது இதுவே. அதே இழுப்பில் கிளட்ச்சின் நெம்புகோலும் அசைந்து, பிரேக் விடுபட்டு, தொட்டி முழுவதும் சுழலத் தயாராகிறது. துவைக்கும்போது அடியிலுள்ள தட்டு மட்டுமே சுழலும். பிழியும்போது தொட்டியும் சேர்ந்து சுழலும். இம்மாற்றத்தைச் செய்வது அந்த ஒரே கம்பிதான். அச்சிறு மோட்டார் கெட்டாலோ, கம்பி அறுந்தாலோ நீரும் இறங்காது, தொட்டியும் சுழலாது. இயந்திரமே போய்விட்டது என்று தோன்றும். உண்மையில் மாற்ற வேண்டியது கைக்குள் அடங்கும் ஓர் உதிரிப் பாகம்.

முன்புறம் கதவுள்ள இயந்திரத்தில் பம்புதான் நீரை மேலே தள்ளுகிறது. எனவே இதன் குழாய் முனை தரையில் கிடக்கலாகாது. ஏறத்தாழ 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். தாழ்ந்து கிடந்தால், நிரப்பிய நீர் தானாகவே வடிந்து போகும். இவ்வியந்திரத்தின் கீழ் மூலையில் ஒரு சிறு மூடி இருக்கும், அதனுள் வடிகட்டி. தட்டையான தாம்பாளம் ஒன்றையும் பழந்துணியையும் கீழே வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகித் திறவுங்கள். நீர் சூடாக இருந்தால் ஆறும்வரை பொறுத்திருங்கள். நாணயம், கொண்டை ஊசி, சட்டைப் பொத்தான், காகிதக் கூழ் முதலியன அங்கே ஓய்வெடுத்துக் கொண்டிருக்கும். வடிகட்டியை எடுத்த பின் உள்ளே தெரியும் சிறு விசிறி தடையின்றி அசைகிறதா என்று குச்சியால் தொட்டுப் பாருங்கள். எல்லாம் சுத்தமாயிருந்தும் நீர் போகவில்லையென்றால், மூடியை இறுக்கி, பிளக்கை மீண்டும் மாட்டி, நீரை வெளியேற்றும் கட்டத்தில் காதால் கேளுங்கள். முனகல் கேட்டு நீர் வராவிடில் விசிறியிலோ குழாயிலோ தடை இருக்கின்றது. ஓசையே இல்லையெனில் பம்பு எரிந்திருக்கலாம், அல்லது மின்கம்பி அறுந்திருக்கலாம். அடித்தட்டு இல்லாத இயந்திரங்களுக்குள் எலி புகுந்து கம்பியைக் கடித்து வைப்பது நம் ஊர்களில் அன்றாட நிகழ்ச்சி. அடியில் வலை அடித்து வைப்பது நல்லது.

நீர் முற்றிலும் இறங்கியும் சுழலவில்லையே என்பீர்களாயின், நீரின் அளவை இயந்திரம் எவ்வாறு அறிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தொட்டியின் அடியிலிருந்து மெல்லிய குழல் ஒன்று மேலே செல்கிறது. நீர் உயர்ந்தால் அக்குழலினுள் காற்றழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தைக் கொண்டே நீரின் உயரம் கணிக்கப்படுகிறது. சோப்புக் கசடு அதனை அடைத்துவிட்டால், வெறுந்தொட்டியையும் நிறைந்த தொட்டி என்றே இயந்திரம் எண்ணிக்கொள்ளும். தூளை அள்ளிப் போடுவதும் இத்தகைய தொல்லையையே தரும். நுரையைப் பம்பு எளிதில் தள்ளாது. நுரைக்கும் இடையே தொட்டி சுழலவும் இயலாது. நுரை மிகுந்தால் துணி வெளுக்கும் என்பது நம் தாய்மார்களிடம் வேரூன்றிய நம்பிக்கை. முன்கதவு இயந்திரத்திற்கு அது பொருந்தாது. கனத்த போர்வை ஒன்றை மட்டும் தனியே போட்டாலும், அது ஒரு பக்கமாகச் சுருண்டு சமநிலை கெட்டு, தொட்டி சுழலத் தொடங்கித் தொடங்கி நின்றுவிடும். இரண்டொரு துண்டுகளைச் சேர்த்துப் போட்டால் சரியாகும். இயந்திரத்தின் நான்கு கால்களும் தரையில் சமமாக ஊன்றியுள்ளனவா என்றும் பாருங்கள். பட்டை உள்ள இயந்திரமாயின், பெல்ட் தளர்ந்து வழுக்குவதும் உண்டு.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். மூடி திறந்திருந்தால் சுழலாதபடி தடுக்கும் சுவிட்ச் பழுதானால், அதன் இரு கம்பிகளையும் நேரே முறுக்கி இணைத்து, "இப்போது ஓடுகிறது பாருங்கள்" என்று சொல்லிப் போகும் மெக்கானிக்குகள் இருக்கின்றார்கள். பிடித்துக்கொண்ட பிரேக்கைக் கழற்றியே எறிந்துவிடுவோரும் உண்டு. இவ்விரண்டையும் நீங்கள் ஒருபோதும் அனுமதிக்கலாகாது. நிமிடத்திற்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் தொட்டியில் துணியை எடுக்கச் சிறுவன் ஒருவன் கை நீட்டினால், சுழலும் துணி அவன் கையைச் சுற்றி முறுக்கிவிடும். பழைய செமி ஆட்டோமேட்டிக்கில் மூடியைத் தூக்கியதும் தொட்டி சில விநாடிகளில் நின்றாக வேண்டும். நிற்காமல் சுழன்றுகொண்டே இருந்தால், பிழிவது எவ்வளவு நன்றாக இருப்பினும் பிரேக்கை மாற்றும் வரை அதனைப் பயன்படுத்தாதீர்கள். துணியைக் கையால் பிழிந்துகொள்ளலாம். மூன்று முனைப் பிளக்கும் சரியான எர்த் இணைப்பும் இல்லாத இடத்தில் இயந்திரத்தை வைப்பதும் இத்தகைய அபாயமே.

மெக்கானிக்கை அழைக்கும்போது, "மெஷின் ஓடவில்லை" என்று மட்டும் கூறாமல், நீர் நிற்கிறதா, முனகல் கேட்கிறதா, எந்தக் கட்டத்தில் நின்றது என்பனவற்றைச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பம்பு, டிரெயின் மோட்டார், கெப்பாசிட்டர், பெல்ட், மூடிச் சுவிட்ச் ஆகியவற்றை மாற்றுவதற்காகப் பழைய இயந்திரத்தைக் கைவிட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. சுழலும்போது லாரி ஓடுவது போன்ற இரைச்சல் எழுந்தாலோ, பிளக்கைக் கழற்றிவிட்டு முன்கதவு இயந்திரத்தின் உள்தொட்டியை மேலும் கீழும் அசைக்கையில் அது கடகடவென்று ஆடினாலோ, தாங்குருளை, அதாவது பேரிங், தேய்ந்துவிட்டது என்று பொருள். அதனை மாற்ற இயந்திரம் முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்கும். வெளித்தகடும் துருப்பிடித்திருந்தால் அப்போது புதியதைப் பற்றிப் பேசலாம்.