காயலோரக் கள்ளுக்கடை: கள்ளும் மீனும் எங்கிருந்து வருகின்றன?

ஆலப்புழை, முகம்மா, சேர்த்தலை பக்கம் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு அந்தப் பலகை பழக்கமானதுதான். கறுப்புப் பலகை. அதில் பெரிய வெள்ளை எழுத்து. மலையாளம் படிக்கத் தெரியாதவரும் முதலில் அடையாளம் கண்டுகொள்ளும் சொல் அதுவாகத்தான் இருக்கும்: கள்ளு!

தென்னந்தோப்பும் வேம்பநாட்டுக் காயலும் சேரும் இடங்களில் இந்தக் கடைகளைக் காணலாம். எல்லாம் அரசாங்க லைசென்சு பெற்ற கடைகள். 1996-ல் கேரளத்தில் சாராயத்துக்குத் தடை வந்தது. 2014-ல், ஐந்து நட்சத்திர ஓட்டல்கள் தவிர மற்ற பார்களை மூட அன்றைய அரசு முடிவு எடுத்தது. 2017-ல் வந்த புதிய கொள்கை அதை மாற்றியது. இந்த இரண்டு புயலிலும் கள்ளுக்கடைக்குப் பூட்டு விழவில்லை.

சமையல்கட்டின் மகிமை

கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் குடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தால் தவறு. மசாலா தடவி, வாழையிலையில் பொதிந்து, கல்லில் வாட்டிய கரிமீன். குடம்புளி போட்டு மண்சட்டியில் வைத்த மீன் குழம்பு. குட்டநாட்டுத் தாறாவு வறுவல். தேங்காய்த் துண்டு போட்டு வறுத்த கக்கா. எல்லாவற்றுக்கும் துணையாக, வேகவைத்து மசித்த மரவள்ளிக்கிழங்கு. குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனி அறை வைத்த கடைகளும் உண்டு. அங்கே கள்ளைத் தொடாமல், சாப்பிட்டுவிட்டு மட்டும் போகிறவர்கள் ஏராளம்.

குழம்பில் காரம் தூக்கலாக இருக்கும். கண்ணில் நீர் வந்தால்தானே அடுத்த குவளைக்குக் கை நீளும்! வியாபாரம் அறிந்த சமையல் இது.

மூன்று தடவை மரமேற்றம்

கள் இறக்குவது லேசான வேலை அல்ல. விரியாத தென்னம்பாளையைக் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். எலும்பால் மெல்லத் தட்டித் தட்டிப் பதப்படுத்த வேண்டும். பிறகு தினமும் நுனியைச் சீவிக் கலயத்தை மாட்ட வேண்டும். காலை, மதியம், மாலை என்று ஒரே மரத்தில் நாளுக்கு மூன்று தடவை ஏறி இறங்குகிறார் தொழிலாளி. மழையில் மரம் வழுக்கும். விழுந்து இடுப்பு ஒடிந்தவர்கள் உண்டு. உயிரை விட்டவர்களும் உண்டு.

சீவுவதற்கு மலையாளத்தில் 'செத்து' என்று பெயர். 'செத்துத் தொழிலாளி யூனியன்' என்ற பலகையைப் பார்த்துத் திடுக்கிடாத தமிழர் இருக்க மாட்டார்!

பாளையில் இருந்து சொட்டுவது இனிப்பு நீர். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். தடவாவிட்டால் உடனே நொதிக்கத் தொடங்கும். காலையில் இனிப்பது மாலையில் புளிக்கும். நாள் செல்லச் செல்லக் காடியாகிவிடும். மூட்டை கட்டி வைத்து விற்கும் சரக்கு அல்ல இது. அதனால்தான் மரத்தடியிலேயே கடையும் வளர்ந்தது.

ஆள் எங்கே?

இன்று அந்த மரத்தில் ஏற ஆள் குறைந்துவிட்டது. கள் இறக்குவது ஈழவ சமுதாயத்தின் குலத்தொழிலாகக் கருதப்பட்டது. அதே சமுதாயத்தில் பிறந்த ஸ்ரீநாராயண குரு, அந்தத் தொழிலை விடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று உபதேசித்தார். பிள்ளைகள் படித்தார்கள். கள் தொழிலாளர்களுக்கு 1969-ல் சேமநிதிச் சட்டமே வந்தது. இருந்தும் மகன் மரமேற வேண்டும் என்று ஆசைப்படும் தகப்பன் அபூர்வம். அதைக் குறை சொல்லவும் முடியாது.

ஆகவே கள் வண்டியில் வருகிறது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டாரத் தோப்புகளில் இறக்கப்பட்டு, எக்சைஸ் பெர்மிட்டுடன் பல மாவட்டங்களுக்குப் போகிறது. காயலோரக் கடைக்கு வர நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம்! அந்தத் தோப்புகளில் மரமேறுகிறவர்களில் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். 1987-ல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தது. கைத்தொழில் தெரிந்தவனுக்கு எல்லைக்கு அப்பால்தான் மரம் கிடைக்கிறது.

சரக்கு குறைந்து கேட்பவர் குறையாத இடத்தில் கலப்படம் நுழையும். 2010 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் விஷக் கள் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கூலி வேலை முடிந்து, அசதி தீர மலிவாகக் கிடைக்கும் இடத்தைத் தேடிப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. லைசென்சு நம்பர் எழுதிய பலகை இல்லாத இடத்தில் குவளையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மீனும் வெளியூர்

கரிமீனுக்கு 2010-ல் மாநில மீன் என்ற பட்டம் கிடைத்தது. பட்டம் வந்தது; காயலில் மீன் பெருகவில்லை. ஆந்திராவில் இருந்து வரும் கரிமீனும் சந்தையில் விற்கிறது. ருசியில் வித்தியாசம் தெரியும் என்று உள்ளூர்க்காரர்கள் அடித்துச் சொல்கிறார்கள். மசாலாவில் ஊறிய பிறகு வெளியூர்க்காரருக்குத் தெரியுமா என்பது சந்தேகம்தான்!

கக்கா இன்றும் வேம்பநாட்டுச் சரக்குதான். ஆண்கள் சிறு வள்ளங்களில் போய், நீண்ட கழியில் கட்டிய வலையால் காயலின் அடியை வாரி எடுக்கிறார்கள். கரையில் பெண்கள் அதை அவித்து, சலித்து, சதையைப் பிரிக்கிறார்கள். சதை கடைக்குப் போகிறது. ஓடு சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகிறது. கரிமீன் விலையைக் கேட்டு மலைப்பவர்கள் ஒரு தட்டுக் கக்கா வாங்கிக் கிழங்கோடு சாப்பிடலாம்.