பெருமனைகளின் பின்கட்டு

நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளம் நோக்கிச் செல்லும் நெடுவீதியின் இருமருங்கும், தென்னந்தோட்டங்களின் நடுவே, பழைய பெருமனைகள் சில இன்றும் காணப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன்பின்னும் தென்னைச் செய்கை ஈட்டித் தந்த செல்வத்தால் எழுந்தவை இவை. காணச் செல்வோர் முன்விறாந்தைத் தூண்களையும் மரச்செதுக்கு வேலைகளையும் வியந்து மீள்வர். பின்புறம் சென்று பார்ப்பார் அரியர். 1927 இல் இலங்கைக்கு வந்த காந்தியடிகளைச் சிலாபத்துக் கொறயா குடும்பத்தார் வரவேற்று உபசரித்தனர் என்பது பலரும் பெருமையுடன் கூறும் செய்தி. அன்று குசினியில் அடுப்பெரித்தவர் யாவர் எனக் கூறுவாரைக் காண்பது அரிது.

ஏவலர் நடமாடும் வழியை வீட்டமைப்பிலேயே மறைத்துவிடும் முறை மேனாட்டில் பதினேழாம் நூற்றாண்டில் தெளிவான உருப்பெற்றது. அதற்கு முன் ஆங்கிலப் பிரபுவும் அவர்தம் ஏவலரும் ஒரே பெருமண்டபத்தில் உண்டனர். றோஜர் பிறாற் என்னும் கட்டடக் கலைஞர் தாம் அமைத்த கோல்சில் மாளிகையில், வீட்டாருக்கும் விருந்தினருக்கும் நடுவில் பெரும்படிக்கட்டும், ஏவலருக்கு இரு புறத்தும் ஒடுங்கிய பின்படிகளும் வகுத்தார். கரியும் நீரும் இரவுக் கலங்களும் அவ்வழியே ஏறி இறங்கின. சுமந்தவர் முகத்தை எசமானர் காணவேண்டியதில்லை. அம்மாளிகை 1952 இல் தீக்கிரையாயிற்று. அமெரிக்காவில், மாந்தர் யாவரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்று எழுதிய தோமஸ் ஜெபர்சன், தம் மொன்ரிசெலோ மனையில் வைன் போத்தல்களை நிலவறையிலிருந்து உணவறைக்கு ஏற்றும் சிறு தூக்குப்பெட்டிகளையும், தட்டுகள் பொருத்திய சுழற்கதவையும் அமைத்தார். உணவு வந்தது, கொணர்ந்த அடிமையின் கை தெரியவில்லை. இவ்விரு கூற்றையும் ஒருவரே எழுதியும் கட்டியும் வைத்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

புத்தளக் கரையோரத்து மனைகளில் இத்தகைய மறைபடியைத் தேடுவது பெரும்பாலும் வீண். நிலம் தாராளமாக இருந்தமையால் வீடு மேலே வளராது பக்கவாட்டிற் பரந்தது. ஆதலின், அங்கே படிக்கட்டு செய்த வேலையை இங்கே தூரம் செய்தது. முன்விறாந்தை, நடுமண்டபம், இருபுறத்தும் படுக்கையறைகள், பின்விறாந்தை. அதன்பின் கூரை வேய்ந்த ஒரு நடை. நடையின் முடிவிற் குசினி. அதனை அடுத்து விறகுக் கொட்டிலும் வேலையாட்களின் சிற்றறைகளும் அமைந்தன. புகையும் தீயும் வீட்டை அணுகாதிருத்தற்கே குசினியைத் தள்ளிவைத்தனர் என்பர். அஃது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. புகையோடு புகையாக மனிதரும் தள்ளிவைக்கப்பட்டனர்.

இப்பின்புறத்தின் சொற்களே ஒரு வரலாறு. குசினி, விறாந்தை, அலுமாரி, ஆயா என்பன போர்த்துக்கேயர் வழி வந்தவை. சமையற்காரனைக் குறிக்கும் கோக்கி என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. சிங்களத்திற் பெருமனையைக் குறிக்கும் 'வளவ்வ' என்னும் சொல்லோ தமிழ் 'வளவு' என்பதன் திரிபு என்பர் அறிஞர். செட்டிநாட்டுப் பெருவீடுகளில் முகப்பைக் கடந்தவுடன் வரும் தூண் சூழ்ந்த முற்றப்பகுதிக்கும் வளவு என்றே பெயர். இலங்கையில் வட்டித்தொழில் புரிந்து தென்னந்தோட்டச் சொந்தக்காரர்க்கும் கடன் கொடுத்த நகரத்தார் தம் ஊரில் எழுப்பிய அவ்வீடுகள், ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிவன. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எனச் சென்று சமையற்கட்டிற் பின்வாசல் திறக்கும். முன்தெரு விருந்தினர்க்கு, பின்தெரு விறகுக்கும் ஏவலருக்கும்.

மேனாட்டிற்கும் நம் நாட்டிற்கும் உள்ள உண்மையான வேறுபாடு படிக்கட்டில் இல்லை. அங்கே ஏவலர் அனைவர்க்கும் பின்படி பொதுவாயிற்று. இங்கே ஏவலருள்ளும் வழிகள் பிரிந்தன. சமையல் செய்பவர், வீட்டார் கையேற்று உண்ணத்தக்க சாதியினராக இருத்தல் வேண்டும் என்பது வழக்கு. ஆதலின் அவர் அடுப்பு வரை வரலாம். தேங்காய் பறிப்பவர் கோடிப்புறத்தோடு நின்றார். மலக்கூடம் துப்புரவு செய்தவரோ வீட்டினுள் கால்வைக்கவே கூடாது. வாளிக் கக்கூசு இருந்த காலத்துப் பங்களாக்களிற் குளியலறைக்கு வெளிப்புறமாகத் தனிக்கதவு வைத்தமைக்கு இதுவே காரணம். மாடிவீடாயின் சுவருக்கு வெளியே சுருட்படியொன்று ஏறிச்செல்லும். நம் நாட்டு மறைபடி உண்டெனின் அதுவே. அங்கே மறைத்தது காட்சியை. இங்கே தடுத்தது தீண்டலை.

இவ்வமைப்புக்குப் பின்னே அடிமைமுறையின் நீண்ட நிழலும் உண்டு. ஒல்லாந்தர் காலத்துக் கொழும்பில், பகலில் வேலைசெய்த அடிமைகளை இரவில் ஏரியின் மறுகரைக்குக் கொண்டுசென்று அடைத்தனர். அவ்விடமே ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' எனப் பொருள்படும் பெயரைப் பெற்றது; தமிழர் அதனைக் கொம்பனித் தெரு என்பர். ஒரு நகரமே மாளிகையாகவும் ஏரியே அதன் பின்படியாகவும் அமைந்தவாறு காண்க. யாழ்ப்பாணத்துத் தேசவழமையும் அடிமைகளைப் பற்றித் தனியே கூறிற்று. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிந்தது 1844 இல். அப்போது சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக வீற்றிருந்தவர், கற்பிட்டியிற் பிறந்து பின்னர்ச் சிலாபத்தில் நீதிபதியாக விளங்கிய சைமன் காசிச்செட்டி. ஆயினும் 1871 இல் வீட்டு வேலையாட்களைப் பதிவுசெய்யும் கட்டளைச்சட்டம் வந்தது. எசமானர்க்குப் பதிவேடு எதுவுமில்லை.

சிற்றறையேனும் பெற்றவர் பேறுபெற்றோர். வறிய குடும்பங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர் சிறுமியர் குசினித் தரையிலோ பின்விறாந்தையிலோ பாய் விரித்தனர். வீட்டின் வரைபடத்தில் அவர்க்கு இடமே இல்லை. பாடசாலைக்குப் போகும் வீட்டுப்பிள்ளையின் புத்தகத்தை அவ்வீட்டிலேயே இருந்த மற்றொரு பிள்ளை சுமந்துசென்ற காலம் அது. வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயது இலங்கையில் 16 ஆக உயர்த்தப்பட்டது 2021 இலேதான்.

இன்று இம்மனைகள் சில விடுதிகளாக மாறுகின்றன. முகப்புக்கு வர்ணம் பூசுவர்; பின்கட்டை இடித்து வாகனம் நிறுத்த இடம் செய்வர். இடிக்குமுன் மாணவர் சிலர் ஓர் அளவுநாடாவுடன் சென்றாலும் போதும். மண்டபத்தின் கூரையுயரம், ஏவலர் அறையின் கூரையுயரம். அங்கே யன்னல் எத்தனை, இங்கே எத்தனை. அங்கே மெருகிட்ட தரை, இங்கே எத்தரை. குசினிக் கதவு எத்திசையில் திறக்கிறது என்பவற்றைக் குறித்தல் வேண்டும். கட்டடம் முற்றாக மறைந்த இடத்திலும் கிணறுகளைத் தேடலாம். வீட்டார் கிணறும் வேலையாட்கள் கிணறும் வேறாக வெட்டப்பட்ட வளவாயின், இரண்டாவது கிணறு, தூர்ந்துபோயினும், வேலியோரத்தில் வட்டமாகத் தன் இடத்தைக் காட்டும்.