விடியற்காலை 4 மணிக்கு அலறும் கார்

செமஸ்டர் லீவுக்கு மார்கழியில் ஊருக்குப் போனால் எல்லாரும் கோலம், பஜனை, வெண்பொங்கல் என்று கதை சொல்வார்கள். எனக்குக் கிடைத்தது எங்க பழைய காரின் சைரன். பகல் முழுக்கச் சாதுவாக நிற்கும். விடியற்காலை 4 மணி தாண்டியதும் அலற ஆரம்பிக்கும். ரிமோட்டை அமுக்கினால் அடங்கும், அரை மணி நேரத்தில் திரும்பவும் அதே கூத்து.

முதல் நாள் தெருவே எழுந்து வந்து பார்த்தது. நாலாம் நாள் ஒருத்தர்கூட ஜன்னலைத் திறக்கவில்லை. அன்றைக்கு நிஜமாகவே திருடன் வந்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "தம்பி, பாப்பா இப்பத்தான் தூங்குச்சு" என்றார். அப்பா கட்டிங் பிளேயரோடு இறங்கிவிட்டார். "அந்த சைரன் ஒயரை வெட்டி விடுடா!"

வெட்டினால் சத்தம் போகும், கூடவே காவலும் போகும். "மூணு நாள் டைம் குடுங்கப்பா" என்றேன்.

உள்ளே என்னதான் இருக்கு?

கடையில் வாங்கிப் பொருத்தும் அலாரத்துக்கு மூளை ஒரு சின்னப் பெட்டி. பெரும்பாலும் டேஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். கதவு சுவிட்சுகள், பானெட் சுவிட்ச், தட்டினால் உணரும் ஷாக் சென்சார், ரிமோட் ரிசீவர் எல்லாம் அதற்குச் செய்தி சொல்பவை. சைரன், இண்டிகேட்டர் விளக்கு, ஸ்டார்ட்டரைத் தடுக்கும் ரிலே ஆகியவை அது சொன்னபடி கேட்பவை.

கதவு, பானெட் சுவிட்சுகள் வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. மூடியிருக்கும்போது சுவிட்சின் குமிழ் அமுங்கி, இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கும். பெட்டிக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் அந்த ஒயரை 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும். திறந்தால் குமிழ் மேலே வந்து, ஒயர் பாடி எர்த்தோடு சேர்ந்து 0 வோல்ட் ஆகும். வோல்டேஜ் இறங்கினால் "யாரோ திறந்துட்டாங்க" என்று பெட்டி முடிவு செய்யும்.

அதனால் காரணமில்லாமல் அலாரம் அடித்தால், ஏதோ ஒரு இன்புட் அதற்குத் தப்பான செய்தி சொல்கிறது என்றுதான் முதலில் யோசிக்கணும். எது என்று கண்டுபிடிப்பதுதான் நம்ம வேலை.

முதல் நாள்: பேட்டரியும் ஷாக் சென்சாரும்

எந்த மின்கோளாறாக இருந்தாலும் பேட்டரியில் ஆரம்பிங்க. என்ஜின் அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி சார்ஜ்தான். வோல்டேஜ் சரிவையே கதவு திறந்ததாக எடுத்துக்கொள்ளும் அலாரங்களும் உண்டு, அதனால் சோர்ந்த பேட்டரியே சைரனை எழுப்பலாம். எங்க பேட்டரி 12.5. அதன் மேல் பழி இல்லை.

அடுத்து ஷாக் சென்சார். லாரி போனாலே அடிக்கிறது என்றால் அதன் திருகைக் கொஞ்சம் திருப்பி உணர்திறனைக் குறைத்தாலே போதும். நான் சந்தேகமே வேண்டாம் என்று அதன் கனெக்டரைக் கழற்றி வைத்தேன். மறுநாள் 4.20க்கு சைரன் அடித்தது. சரி, இதுவும் இல்லை.

பல அலாரங்கள் அடித்து முடித்ததும், எந்தப் பகுதியால் அடித்தது என்று எல்.இ.டி. சிமிட்டும் எண்ணிக்கையில் சொல்லும். மேனுவல் கையில் இருந்தால் இதை முதலில் பாருங்க. எங்க மேனுவல் எப்போதோ பழைய பேப்பரோடு போய்விட்டது.

இரண்டாம் நாள்: தண்ணீர் சொன்ன பதில்

கதவுகளைச் சோதிப்பது சுலபம். ஒவ்வொன்றாகத் திறந்து உள்விளக்கைப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக எரிந்து அணைந்தன. மிச்சம் பானெட் சுவிட்ச். ஒயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைச் சுவிட்சிலும் இன்னொன்றைப் பாடியிலும் தொட்டேன். குமிழை அமுக்கினால் இணைப்பே இல்லை. விட்டால் ஏறக்குறைய 0 ஓம். சுவிட்ச் பாஸ்!

அங்கேதான் ஏமாந்தேன். நான் சோதித்தது வெயில் ஏறிய 11 மணிக்கு. கோளாறு வருவது பனி இறங்கும் 4 மணிக்கு. சுவிட்சைச் சுற்றித் துருவும் தூசியும் அப்பியிருந்தன. கொஞ்சம் தண்ணீர் தெளித்து, குமிழை அமுக்கியபடியே மறுபடி அளந்தேன். இப்போது மீட்டர் சில கிலோ ஓம் காட்டியது.

முதலாம் ஆண்டில் படித்த வோல்டேஜ் டிவைடர்தான் இது. உதாரணத்துக்குப் புல்-அப் 10 கிலோ ஓம், ஈரத்தின் வழியாகக் கசிவு 5 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்ளுங்க. ஒயரில் மிஞ்சுவது 12 × 5 ÷ 15, அதாவது 4 வோல்ட். பானெட் மூடியே இருந்தாலும் பெட்டிக்கு அது திறந்த மாதிரிதான். வெயில் வந்ததும் ஈரம் காயும், ஆதாரமும் காணாமல் போகும்.

அன்று இரவு பானெட் ஒயரை மட்டும் டேப் சுற்றித் தனியே விட்டுவிட்டு, ஷாக் சென்சாரைத் திரும்ப மாட்டி லாக் செய்தேன். விடியும்வரை சத்தமில்லை.

மூன்றாம் நாள்: ரிப்பேர்

புது சுவிட்ச் வாங்கினேன், ஒரு பிரியாணி விலைகூட ஆகவில்லை. இந்த வகை சுவிட்சுக்குத் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் கிடைக்கும். அதனால் அது உட்காரும் துளையை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்க்கணும். ஒயரை முறுக்கி டேப் ஒட்டாமல், சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டேன். மேலே ரப்பர் மூடி, கொஞ்சம் வாசலின். பானெட்டை மூடும்போது குமிழ் முழுசாக அமுங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்க. பாதிதான் அமுங்கினால் அதுவே அடுத்த கோளாறு.

கை வைக்கும் முன்

- பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ் முனை, மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். சில சைரன்களுக்குள் தனி பேட்டரி உண்டு, கழற்றிய உடனே அலறும். பயப்படாதீங்க.
- மஞ்சள் நிற ஒயர் உறை, கனெக்டர் பக்கமே போகாதீங்க. அது பெரும்பாலும் ஏர்பேக்.
- பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸ்தான் போடணும். கம்பி சுற்றுவது கூடாது.
- ரிமோட் வேலை செய்யாவிட்டால் முதலில் அதன் செல்லை மாற்றிப் பாருங்க.
- கம்பெனியிலிருந்தே வந்த இம்மொபிலைசரை நோண்ட வேண்டாம். அது சர்வீஸ் ஆட்கள் வேலை.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி. தப்பாக அடிக்காமல் இருந்தால் மட்டும் போதாது, அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்கணும். ஒரு கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு, ரிமோட்டில் லாக் செய்து, ஒரு நிமிடம் பொறுத்து, உள்ளே கைவிட்டு பானெட் லீவரை இழுத்தேன். பானெட்டைத் தூக்கியதும் சைரன் தெருவையே அதிர வைத்தது. நல்லவேளை, அக்காவிடம் முன்னாடியே சொல்லி வைத்திருந்தேன்.

மறுநாள் 4 மணிக்குப் பழக்கதோஷத்தில் விழிப்பு வந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். கார் மேல் பனி சொட்டச் சொட்ட இறங்கியிருந்தது, சத்தம் இல்லை. காலையில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து டூல்ஸ் டப்பாவுக்குள் போட்டுவிட்டுப் போனார்.

உங்க லேபில் ஒரு சர்க்யூட் சில நேரம் மட்டும் மக்கர் பண்ணினால், அது நன்றாக ஓடும் நேரத்தில் சோதித்துவிட்டு "எல்லாம் ஓகே" என்று எழுதாதீங்க. சூடா, ஈரமா, அதிர்வா, எந்த நிலைமையில் கெடுகிறதோ அதே நிலைமையைக் கொண்டுவந்து, பிறகு மீட்டரை வையுங்க.