தளர்ந்த வயிறும் தையலுக்குப் பிந்தைய வாரங்களும்

பேறுகாலத்தாலோ உடல் எடையைப் பெருமளவு குறைத்ததாலோ தளர்ந்து தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி நீக்கி, விலகி நிற்கும் தசைகளை நெருக்கித் தைக்கும் அறுவைச் சிகிச்சையை மருத்துவர்கள் அப்டாமினோபிளாஸ்டி என்றும் மக்கள் டம்மி டக் என்றும் குறிப்பிடுகின்றனர். அழகுச் சிகிச்சை என்ற பெயர் இதற்கு அமைந்துவிட்டதால், இது முழு மயக்கத்தில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் நடக்கும் பெரிய அறுவை என்பது பலரது கவனத்துக்கு வருவதில்லை. அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் விதிக்கப்படும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் வயிற்றுச் சுவரின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. அக்காரணத்தை விளக்காமல் கட்டுப்பாட்டை மட்டும் சீட்டில் எழுதித் தரும்போதுதான் அது எளிதில் மீறப்படுகிறது.

வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக இரண்டு நீள்தசைகள் இணையாக ஓடுகின்றன. அவற்றை இணைக்கும் வெண்ணிற நார்ப்பட்டை, கருப்பை விரிய விரிய அகன்று மெலிகிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பெரும்பாலான பெண்களுக்கு இப்பட்டை ஓரளவு சுருங்கிவிடுகிறது. சிலருக்கோ பல ஆண்டுகள் உடற்பயிற்சி செய்தும் இடைவெளி மூடுவதில்லை, ஏனெனில் பயிற்சி தசையை வலுப்படுத்துமே தவிர, நைந்துபோன நாரைக் குறுக்கித் தராது. மீள்தன்மை தரும் இழைகள் அறுந்துபோன தோலின் நிலையும் இதுவே. ஆகவே, பயிற்சி செய்தும் வயிறு உள்வாங்கவில்லை என்று வருந்தும் ஒரு தாயின் மீது சோம்பல் என்னும் பழியைச் சுமத்துவது அறியாமையாகும். மாறாக, ஆண்கள் பலரிடம் காணப்படும் கெட்டியான தொப்பையில் கொழுப்பு தசைச் சுவருக்கு உள்ளே, குடலைச் சுற்றிப் படிந்திருப்பதால், தோலையும் அதன் கீழ்க் கொழுப்பையும் மட்டுமே எடுக்கும் இந்த அறுவை அவர்களுக்குப் பயன் தருவதில்லை.

இந்த அறுவையின் வரலாற்றில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் மகளிர் நோயியல் வல்லுநர் ஹோவர்ட் கெல்லி, மிகையான வயிற்றுக் கொழுப்பை வெட்டியெடுத்ததை 1899-இல் பதிவு செய்தார். தொப்புளைப் புதிய இடத்தில் பொருத்தும் முறையை 1957-இல் வெர்னான் விவரித்தார். பிரேசிலின் இவோ பிட்டாங்கி, தொடர்ச்சியாகச் செய்த 300 அறுவைகளின் அனுபவத்தை 1967-இல் வெளியிட்டு, உள்ளாடைக்குள் மறையும் தாழ்ந்த கீறலைப் பரவலாக்கினார். இன்றும் அடிப்படை அதுவே: இரு இடுப்பெலும்புகளுக்கும் இடையே அடிவயிற்றில் கீறி, தோலையும் கொழுப்பையும் ஒரே படலமாக விலா எலும்பின் விளிம்புவரை தசையிலிருந்து பிரித்து உயர்த்தி, தசைகளை நெருக்கித் தைத்து, படலத்தைக் கீழே இழுத்து மிகுதியை வெட்டி, தொப்புளுக்குப் புதிய துளையிட்டுத் தைத்து முடிக்கின்றனர்.

பின்னர் வரும் சிக்கல்களில் பலவற்றுக்கு அந்தப் படலமே களமாகிறது. தசையை ஊடுருவி மேலே வந்து தோலுக்கு இரத்தம் தரும் சிறு நாளங்கள் படலத்தை உயர்த்தும்போது அறுபடுவதால், அதன் பிறகு அது பக்கவாட்டிலிருந்து வரும் நாளங்களை நம்பியே உயிர் வாழ்கிறது. நடுவே, தையலின் மேல்விளிம்பில், அந்த இரத்தம் சென்றுசேரும் கடைசி எல்லை இருக்கிறது. புண் ஆறாமல் தோல் கறுத்து அழுகுவதும் பெரும்பாலும் அங்கேதான். நிகோடின் நாளங்களைச் சுருக்குகிறது. அதனால் அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரங்கள் புகையை விட்டிருக்க வேண்டும் என்பதில் மருத்துவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. பித்தப்பை அறுவையால் விலா எலும்பின் கீழ் நீண்ட பழைய தழும்பு உள்ளவர்களுக்கு அந்தப் பக்க இரத்தவோட்டம் முன்பே தடைபட்டிருக்கக்கூடும் என்பதால், அதை முதல் சந்திப்பிலேயே தெரிவிப்பது அவசியம். சிசேரியன் தழும்பு பெரும்பாலும் வெட்டப்படும் தோலோடு நீங்கிவிடுகிறது.

தையலின் மீது இழுவிசை விழாதிருக்கவே முதல் ஒரு வாரமளவு இடுப்பைச் சற்று வளைத்து நடக்கவும், தலைமாட்டையும் முழங்காலையும் உயர்த்திப் படுக்கவும் சொல்கின்றனர். படலத்துக்கும் தசைக்கும் இடையே உருவான வெற்றிடத்தில் நிணநீரும் ஊனீரும் கசிந்து தேங்குவது செரோமா எனப்படுகிறது. இந்த அறுவையில் மிகுதியாகக் காணப்படும் சிக்கல் இதுவே. அதைத் தடுக்கவே வடிகுழாய் வைக்கப்படுகிறது. ஒரு நாள் வடிவது ஏறத்தாழ 30 மில்லிலிட்டருக்குக் கீழ் இறங்கிய பிறகே பல மருத்துவர்கள் அதை எடுக்கின்றனர். ஆதலால் ஒவ்வொரு நாளின் அளவையும் குறித்துவைப்பது நோயாளியின் வீட்டாருக்குரிய முக்கியமான பணியாகும். இறுக்கமான பெல்ட்டை ஏறத்தாழ ஆறு வாரங்கள் அணியச் சொல்வதும் அந்த வெற்றிடம் ஒட்டிக்கொள்ளவும் வீக்கம் வடியவுமே. இடுப்பைச் சிறிதாக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. மூச்சு முட்டுமளவு அதை இறுக்கினால், ஏற்கெனவே குறைந்துள்ள இரத்தவோட்டம் மேலும் குறையும்.

உயிருக்கே ஆபத்தாவது இரத்தக்கட்டி. தசையை நெருக்கித் தைப்பதால் வயிற்றினுள் அழுத்தம் கூடி, காலிலிருந்து திரும்பும் இரத்தம் மெதுவாகிறது. வலியால் நோயாளி அசையாமல் படுத்தால் கெண்டைக்கால் நாளத்தில் கட்டி உண்டாகி நுரையீரலுக்குச் செல்லக்கூடும். அழகு அறுவைகளுக்குள் இந்த ஆபத்து கூடுதலாக உள்ளவற்றில் இதுவும் ஒன்று. முழு ஓய்வே குணமாக்கும் என்று கருதிப் படுக்கையிலேயே கிடத்தும் குடும்பத்தாரின் அன்பு இங்கே தீங்காகிவிடுவதால், அறுவை நடந்த அன்று மாலையோ மறுநாள் காலையோ நோயாளியைத் தாங்கிப்பிடித்தேனும் நடக்கவைக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவற்றில் எதுவொன்று தோன்றினாலும் மறுநாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உணவைப் பற்றித் தமிழ்நாட்டு வீடுகளில் தனியே பேச வேண்டியிருக்கிறது. முட்டையும் பருப்பும் புண்ணில் சீழ் பிடிக்கச் செய்யும் என்று கருதிப் பத்தியம் காக்கும் வழக்கம் இன்னும் பல குடும்பங்களில் நிலவுகிறது. ஆனால் வெட்டிய திசு இணைவதற்கு வேண்டிய புரதம் அவற்றில்தான் இருக்கிறது. எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் வருபவர்களுக்கு இரும்புச்சத்து, பி12, புரதம் ஆகியவற்றின் குறை பரவலாக இருப்பதால், தேதி குறிப்பதற்கு முன்பே அவற்றைச் சோதித்துச் சரிசெய்வது நல்லது. வலிமாத்திரைகள் சில மலச்சிக்கலைத் தருகின்றன. முக்கினால் தசைத் தையலில் அழுத்தம் விழும் என்பதால் நீரும் நார்ச்சத்தும் தேவைப்பட்டால் மலமிளக்கியும் முதல் நாளிலிருந்தே வேண்டும். இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு மூன்று வாரங்களில் திரும்பலாம். பளு தூக்குவதற்கு ஆறு வாரங்கள் பொறுக்க வேண்டும். இந்த அறுவைக்கு வரும் பெண்களில் பலர் சிறுகுழந்தைகளின் தாய்மார் என்பதால், குழந்தையை யார் தூக்குவார், தண்ணீர்க் குடத்தையும் கேஸ் சிலிண்டரையும் யார் நகர்த்துவார் என்பதைத் தேதி குறிப்பதற்கு முன்பே குடும்பம் முடிவு செய்திருக்க வேண்டும். அத்தகைய உதவி கிடைக்காத வீட்டில் அறுவையைத் தள்ளிப்போடுவதே அறிவுடைமை. இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருந்தாலும் தள்ளிப்போடலாம், ஏனெனில் கருவுறுதலுக்கு அறுவை தடையாகாவிட்டாலும், நெருக்கித் தைத்த தசையும் தோலும் மீண்டும் விரிந்துவிடும்.

மாலை வேளைகளில் கூடும் வீக்கம் சில மாதங்கள் தொடரும். தொப்புளுக்குக் கீழ்ப்பகுதியில் உணர்வு நரம்புகள் அறுபட்டிருப்பதால் அங்கு மரத்த நிலை பல மாதங்கள் நீடிக்கும்; சிலருக்கு ஓரிடத்தில் நிலைத்தும் விடும். உணர்வு திரும்பும்வரை அங்கே வெந்நீர்ப் பையாலோ சூடேற்றிய துணியாலோ ஒத்தடம் கொடுக்கவே கூடாது, ஏனெனில் சூட்டை உணராத தோல் வெந்து கொப்புளித்த பிறகே நோயாளிக்குத் தெரியவரும். வலி என்றதும் ஒத்தடத்தை நினைக்கும் பாட்டிமாருக்கு இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்ல வேண்டும். தழும்பு முதல் சில மாதங்களில் சிவந்து தடித்து, மங்குவதற்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொள்கிறது. கருநிறத் தோலில் அது மிகையாகத் தடிக்கும் வாய்ப்பு கூடுதலாதலால், புண் முழுதும் மூடிய பின் சிலிகான் ஒட்டுப்பட்டையைச் சில மாதங்கள் பயன்படுத்துமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர். தையலின் இரு நுனிகளில் தோல் குவிந்து நின்றால், வீக்கம் முழுதும் வடிந்த பின்னர், அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்து சிறு அறுவையால் திருத்திக்கொள்ளலாம்.