கீற்றுக் கொட்டகை, கல் கோயில், ஒரு சிறிய ஹால்

1922-இல் மறைந்த அழகம்மாளை திருவண்ணாமலையின் இந்த மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். சில மாதங்களில் மகன் ரமண மகரிஷி மலைமேல் தாம் வசித்த ஸ்கந்தாசிரமத்திலிருந்து இறங்கிவந்து இங்கேயே தங்கிவிட்டார். அப்போது இருந்தது கீற்றுக் கொட்டகைதான்.

தாயின் சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் கோயிலுக்கு 1949-இல் குடமுழுக்கு நடந்தது. கருங்கல் வேலை வைத்தியநாத ஸ்தபதியுடையது. தூண்களை நிதானமாகப் பாருங்கள். கோயிலை ஒட்டிய புதிய ஹாலில் ரமணருக்கென்று கல் ஆசனமும் செய்தார்கள். அங்கே அவர் அமர்ந்தது கொஞ்ச காலமே, 1950-இல் மறைந்தார். அவர் சமாதி மண்டபம் 1967-இல் நிறைவுற்றது.

கட்டடக் கலைக்குக் கோயில் என்றாலும், இந்த வளாகத்தின் உயிர் பழைய ஹால்தான். 1928-இல் கட்டிய எளிய அறை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ரமணர் அன்பர்களைச் சந்தித்தது இங்கேதான். உள்ளே தியானம் நடக்கும். பேச்சை வாசலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.