துன்பத்தில் நிலைத்திருத்தல்: பனியனின் பயண உருவகமும் இரட்சணிய யாத்திரிகமும்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ சமயத்தில் இறைநம்பிக்கை என்பது துன்பமே நேராது என்னும் உறுதியன்று; துன்பத்தினூடே வழிவிலகாது நிற்றலாகும். ஜான் பனியன் ஆங்கிலத்தில் இயற்றிய பயண உருவக நூலையும் அதன் தமிழ்த் தழுவலாகிய இரட்சணிய யாத்திரிகத்தையும் அடிப்படையாகக் கொண்டு இக்கருத்தினை இக்கட்டுரை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: விசுவாசம், பொறுமை, ஜான் பனியன், எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளை, இரட்சணிய யாத்திரிகம்.

முன்னுரை

துன்பம் வருங்கால் மனம் தளராமையைத் தமிழ் அறநூல்கள் சிறப்பித்துப் பேசுகின்றன. திருக்குறள் ‘இடுக்கண் அழியாமை’ என்றே ஓர் அதிகாரம் வகுத்துள்ளது. அங்கு வலியுறுத்தப்பெறுவது மனிதனின் உள்ளத் திண்மையாகும். கிறித்தவ மரபோ நிலைத்திருத்தலை மனிதனின் திண்மையோடு நிறுத்தாமல், இறைவன் அளித்த வாக்கின்மேல் அதனை ஊன்றச் செய்கிறது. அவ்வாறாயின், உள்ளம் தளர்ந்தவன் நம்பிக்கை இழந்தவனாகிவிடுவானா? அச்சமும் ஐயமும் கொண்டவனுக்கு அந்நெறியில் இடமுண்டா? இவ்வினாக்களுக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விவிலியத்தில் விசுவாசமும் பொறுமையும்

புதிய ஏற்பாட்டில் தமிழ் விவிலியம் ‘பொறுமை’ எனப் பெயர்க்கும் கிரேக்கச் சொற்களுள் ‘ஹுபொமொனே’ என்பது குறிப்பிடத்தக்கது. ‘கீழே தங்கியிருத்தல்’ என்பது அதன் சொற்பிறப்புப் பொருள். சுமையை உதறிவிட்டு ஓடாமல் அதன்கீழ் நின்று தாங்குதல் என்று இதனை விளக்கலாம். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் பவுல் உபத்திரவம், பொறுமை, பரீட்சை, நம்பிக்கை என்னும் ஒரு வரிசையை அமைக்கிறார். நம்பிக்கை இவ்வரிசையின் இறுதியில் நிற்பது கருதத்தக்கது. துன்பத்தைக் கடந்து வருகையில்தான் அது முதிர்கிறது என்பது பெறப்படுகிறது.

இப்பொறுமை வாய்மூடி இருத்தல் அன்று. யோபு தன் பிறந்த நாளைச் சபித்தார், இறைவனோடு வழக்காடினார். எனினும் அந்நூலின் இறுதியில், இறைவனுக்காகப் பரிந்து பேசிய நண்பர்கள் கண்டிக்கப்பெறுகின்றனர். யோபு பேசியதே சரியெனக் கூறப்படுகிறது. யாக்கோபு தம் திருமுகத்தில் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவதும் இந்த யோபுவையே. 88ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவுமின்றி இருளிலேயே முடிகிறது. ஆயினும் அது வழிபாட்டு நூலில் இடம்பெற்றுள்ளது. புலம்புபவன் இறைவனை நோக்கியே புலம்புவதால், அப்புலம்பலும் நம்பிக்கையின் ஒரு வடிவம் என்பது புலனாகிறது.

சிறையும் படைப்பும்

ஜான் பனியன் (1628 - 1688) இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகருக்கு அருகிலுள்ள எல்ஸ்டோவில் பிறந்தவர். பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலினர். அரசு ஏற்ற திருச்சபையின் இசைவின்றிப் போதித்தமைக்காக 1660இல் சிறையிடப்பட்டார். இனிப் போதிப்பதில்லை என வாக்களித்திருப்பின் அவர் விடுதலை பெற்றிருக்கலாம். அவருக்கு மனைவியும் பார்வையற்ற மகள் உள்ளிட்ட பிள்ளைகளும் இருந்தனர். சிறையிலிருந்தவாறே காலணிக்குரிய நாடாக்களைச் செய்து விற்று அவர்களைக் காத்தார். 12 ஆண்டுகளுக்குப் பின்னர் 1672இல் விடுதலையானார். அவருடைய பயண உருவக நூலின் முதற்பகுதி 1678இல் வெளிவந்தது. தம் உறுதிக்குரிய விலையைத் தம்மைவிடத் தம் குடும்பமே மிகுதியாகச் செலுத்துவதை அறிந்திருந்தவரின் நூல் இது. ஆதலின் இதில் வரும் துன்பச் சித்திரிப்புகள் எளிய அறிவுரைகளாக அமையவில்லை.

உருவகக் காட்சிகள் மூன்று

முதற்காட்சி சேற்றுக்குழி. கிறித்தியான் என்னும் பயணியும் அவனோடு வந்த இளகிய மனத்தினனும் அவநம்பிக்கைச் சேற்றில் விழுகின்றனர். இருவரும் அழுந்துகின்றனர், இருவரும் அஞ்சுகின்றனர். உடன்வந்தவன் தன் வீடிருக்கும் கரையை நோக்கிப் போராடி வெளியேறித் திரும்பிச் செல்கிறான். கிறித்தியானோ வீட்டிற்கு எதிர்ப்புறமான கரையை நோக்கிப் போராடுகிறான். தானே ஏற இயலாத நிலையில் ‘உதவி’ என்பவன் கைகொடுத்துத் தூக்குகிறான். இருவரையும் வேறுபடுத்துவது துணிவின் அளவு அன்று. முகம் நோக்கிய திசையே ஆகும்.

இரண்டாவது காட்சி ஐயக்கோட்டை. இலக்கை நெருங்கிய நிலையில், எளிய பாதையை விரும்பி வழிதவறிய கிறித்தியானும் அவன் தோழன் நம்பிக்கையும் விரக்தி என்னும் அரக்கனிடம் சிக்குகின்றனர். அரக்கன் அவர்களைத் தடிகொண்டு அடிக்கிறான்; உயிரை மாய்த்துக்கொள்ளுமாறு தூண்டுகிறான். கிறித்தியான் அதற்கு இசையும் நிலைக்கு வந்துவிடுகிறான். முன்னர்க் கடந்துவந்த இடர்களை நினைவூட்டித் தோழனே அவனைத் தடுக்கிறான். சனிக்கிழமை நள்ளிரவில் வேண்டத் தொடங்கிய பின்னரே, வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பகத்தே இருப்பது கிறித்தியானின் நினைவுக்கு வருகிறது. சிறைப்பட்ட நாள் முதல் அது அவனிடமே இருந்தது. ஆகவே விடுதலை இங்குப் புதிதாக வழங்கப்படுவதன்று. மறந்ததை மீள நினைத்தலால் வாய்ப்பது. அப்போதும் வெளிவாயிலின் பூட்டு எளிதில் திறக்கவில்லை எனப் பனியன் குறிப்பது நோக்கத்தக்கது.

மூன்றாவது காட்சி ஆறு. வானக நகரின் வாயிலுக்கு முன்னர்ப் பாலமில்லா ஆறு குறுக்கிடுகிறது. இத்தனை இடர்களையும் வென்ற கிறித்தியான் அங்கே மூழ்கத் தொடங்குகிறான். தோழன் அவன் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடிக்கிறான். முதிர்ந்த நம்பிக்கையாளனும் இறுதிக் கணத்தில் நடுங்கலாம் என்பதையும், தாங்கும் துணை நம்பிக்கையின் இன்றியமையாக் கூறு என்பதையும் இக்காட்சி உணர்த்துகிறது.

இரட்சணிய யாத்திரிகத்தின் பங்களிப்பு

எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளை (1827 - 1900) நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். பனியனின் நூலைத் தழுவி அவர் இயற்றிய காப்பியம் 1894இல் வெளிவந்தது. 3766 பாடல்களைக் கொண்ட அந்நூல் ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாகப் பகுக்கப்பெற்றுள்ளது. ‘கிறித்தவக் கம்பர்’ எனப் போற்றப்படும் அவர் மூலத்திற்கு வெறும் மொழிபெயர்ப்புத் தந்தவர் அல்லர்.

நிலைத்திருத்தல் என்னும் கருத்தில் அவர் செய்த மாற்றங்கள் இரண்டு முதன்மையானவை. முதலாவது, குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடியமை. மூல நூலில் பயணியின் இடர்களே மேலோங்கி நிற்க, காப்பியத்தில் இறைமகனே முதலில் துன்புறுகிறார். அவரைக் கட்டியது கயிறன்று, தம்மைப் பகைத்தோர்மேல் கொண்ட அன்பே என்று கவிஞர் பாடுகிறார். பொறுமை இதனால் இயலாமையாக அன்றி, அன்பின் ஆற்றலாக விளக்கம் பெறுகிறது. அந்நிகழ்வைக் கண்டோரின் புலம்பலுக்கும் காப்பியம் இடமளிக்கிறது.

இரண்டாவது, கதைப்போக்கினிடையே தேவாரப் பாடல்களை அமைத்தமை. இதனால் பயணக் கதை வேண்டுதலாகவும் மாறுகிறது. அப்பாடல்களுள் சில தமிழ்த் திருச்சபை வழிபாட்டில் இன்றும் பாடப்பெறுகின்றன. தனிமனிதப் பயணி மறந்த வாக்கைச் சபை கூடிப் பாடி நினைவில் நிறுத்துகிறது எனலாம்.

இவற்றோடு, வைணவச் சரணாகதி நெறியின் உறுப்புகளுள் ஒன்றாக ‘மகாவிசுவாசம்’ சுட்டப்படுவதும் எண்ணத்தக்கது. ‘விசுவாசம்’ என்னும் சொல் தமிழ்க் கிறித்தவத்திற்கு வருமுன்னரே அடைக்கலப் பொருண்மை தாங்கியிருந்தது. வைணவச் சூழலில் வளர்ந்த கவிஞரின் காப்பியத்தைப் பயிலும்போது இப்பின்புலமும் கருத்தில் கொள்ளப்பட வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், இறைநம்பிக்கை ஐயமற்ற மனநிலையைக் குறிப்பதன்று என்பது தெளிவாகிறது. சேற்றில் அழுந்தியவனும், உயிர்விட எண்ணியவனும், ஆற்றில் மூழ்கியவனும் இறுதியில் நகரை அடைந்த ஒரே பயணியே. அவனை நிலைநிறுத்தியவை நோக்கிய திசை, நினைவுகூர்ந்த வாக்கு, உடனிருந்த தோழன் ஆகிய மூன்றுமாம். துன்புறுவோரிடம் ‘உன் நம்பிக்கை குறைவு’ எனக் கூறுவது இந்நூல்களின் போக்கிற்கு மாறானது. அவர்தம் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்தலே இந்நூல்கள் நம்பிக்கையாளர்க்கு உணர்த்தும் கடமையாகும்.